தறிக் காய்ப்பு என்று சொன்னார்கள்

ஸ்கேன் படம் பார்க்கும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை சொல்லுங்கள் என்று கூப்பிட்டிருக்கிறார்கள். ஓய்வு பெற்ற டாக்டரிடம் இப்படிக் கேட்பது எவ்வளவு ஆபத்து என்று கூப்பிட்டவர்களுக்குத் தெரியவில்லை. ஆரம்பித்தால் லேசில் நிறுத்தமாட்டேன். எந்த இயந்திரத்தில் எந்தப் பொத்தானை அழுத்துவது என்றெல்லாம் சொல்லப்போவதில்லை, அது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். மதுரையில் எடுத்த படத்தை நீங்கள் வேறெங்கோ வீட்டுச் சோபாவில் சாய்ந்தபடி பார்த்து அறிக்கை எழுதிவிடுகிறீர்கள். குறையாகச் சொல்லவில்லை, பொறாமைதான். எங்கள் காலத்தில் நோயாளி கண்ணெதிரே நிற்பார். அழுவார், சண்டை போடுவார், மூடிய இயந்திரத்துக்குள் போகமாட்டேன் என்று உட்கார்ந்துகொள்வார். அதில் தொல்லையும் உண்டு, லாபமும் உண்டு. தொல்லையை எல்லாரும் சொல்வார்கள். நான் லாபத்தைச் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் கடைசி. எம்.ஆர்.ஐ. என்ற பெயரே ஊருக்குப் புதிது. எங்கள் ஸ்கேன் மையம் ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரத்தில் இருந்தது. வெளியூர்க்காரர்கள் பஸ்ஸை விட்டு இறங்கியதும் பையும் தண்ணீர் பாட்டிலுமாக நேரே எங்களிடம்தான் வருவார்கள். நான் அலங்காநல்லூர்க்காரி. கோபம் சட்டென்று வரும், வந்த வேகத்தில் போய்விடும். "காளை பிடிக்கிற ஊர்க்காரிகிட்ட வாயைக் குடுக்காதீங்கப்பா" என்று ஊழியர்கள் என் காது கேட்கவே பேசிக்கொள்வார்கள். எனக்கும் அது பிடிக்கும்.

எனக்கு ஒரு பழக்கம் இருந்தது. காந்த அறைக்குள் போகிறவர்களின் உடம்பில் உலோகம் இருக்கிறதா என்று நானே ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் விடுவேன். காரணம், ஒரு பெரியவர் மடியில் பாக்குவெட்டியைச் செருகிக்கொண்டு உள்ளே போனது. அது பறந்து போய் இயந்திரத்தின் வாயில் ஒட்டிக்கொண்டது. நல்லவேளை, யார் தலையும் நடுவில் இல்லை. அந்தப் பெரியவரோ, "அதை எடுத்துக் குடுங்கம்மா, வெத்தலை போடணும்" என்று அமைதியாகக் கேட்டார். அன்றிலிருந்து எத்தனை வேலை இருந்தாலும் வாசலில் நான் நிற்பேன்.

ஒருநாள் மதியம் வெளியே வராந்தாவில் ஒரு கொலுசுச் சத்தம் கேட்டது. ஆளைப் பார்ப்பதற்கு முன்னால் சத்தத்தைக் கேட்டேன். ஒரு சல். அப்புறம் அவசரமாக இரண்டு. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் தரையை இழுத்தபடி ஒன்று. தள்ளாட்ட நோயைக் காதாலேயே கண்டுபிடிக்கலாம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

வந்தவள் பெயர் மஞ்சுளா. இருபத்திரண்டு இருபத்துமூன்று வயது. சௌராஷ்டிர நெசவாளர் வீட்டுப் பெண். காலையில் தறியில் உட்கார்ந்துவிட்டு, அப்புறம் நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் பல்கலைக்கழகத்துக்குப் பஸ் ஏறிப் போய் எம்.எஸ்ஸி. கணக்குப் படித்தவள். பஸ் படிக்கட்டில் திரும்பத் திரும்ப விழுந்ததில் படிப்பை நிறுத்திவிட்டாள். கூட அவள் அம்மா. ஒரு கையால் சுவரையும் மறு கையால் அம்மாவின் தோளையும் பிடித்துக்கொண்டு, கால்களை அகட்டி வைத்து நடந்து வந்தாள்.

அனுப்பியவர் மதுரையின் மூத்த நரம்பியல் நிபுணர். பெரிய டாக்டர் என்றுதான் எல்லாரும் சொல்வோம். படம் பார்ப்பதில் பாதியை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான், மீதிப் பாதியைத் திட்டியே கற்றுக்கொடுத்தார். மஞ்சுளாவின் அண்ணனை முன்பே அவர் பார்த்திருந்தார். அவனுக்கும் இதே தள்ளாட்டம். முதலில் சுவரைப் பிடித்தான், பிறகு கம்பு, பிறகு படுக்கை. முப்பது வயதைத் தாண்டவில்லை. இப்போது தங்கை. சீட்டில், பரம்பரைத் தள்ளாட்டம், உறுதி செய்யவும் என்று ஒரே வரி எழுதியிருந்தார்.

உள்ளே அனுப்புமுன் பார்த்தேன். கழுத்தில் ஒன்றுமில்லை, காதில் ஒன்றுமில்லை. காலில் மட்டும் வெள்ளிக் கொலுசு. கழற்றச் சொன்னேன்.

"கழறாது டாக்டரம்மா. திருகு துருப்பிடிச்சுப் போச்சு" என்றார் அம்மா.

"துருப்பிடிச்சிருக்குன்னா திருகு இரும்பு. இரும்போட உள்ள போகக் கூடாது. வெட்டிருவோம்."

"வெட்ட வேணாம். அவ அண்ணன் எடுத்துக் குடுத்தது. நடமாட்டமா இருந்தப்ப கடைசியா அவன் கையால வாங்குனது அதுதான்."

வெளியே வரிசை நீண்டுகொண்டிருந்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. "கொலுசு முக்கியமா, மக முக்கியமா?" என்று கேட்டுவிட்டேன். தாயும் மகளும் தங்கள் வீட்டு மொழியில் என்னவோ பேசிக்கொண்டார்கள். எனக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. பிறகு மஞ்சுளா என்னைப் பார்த்தாள்.

"வெட்டுங்க டாக்டர். அண்ணன் இருந்தா அவனே வெட்டியிருப்பான். ஆனா ஒண்ணு. அவன் படுத்த மாதிரி நானும் படுத்துருவேனா? அதை மட்டும் படத்துல பாத்து ஒளிக்காமச் சொல்லணும்."

சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். கட்டிங் பிளேயரை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். தோல் வெட்டுப்படாமல் இருக்கக் கொலுசுக்கும் காலுக்கும் நடுவில் என் விரலைக் கொடுத்தேன். அப்போதுதான் குதிகாலுக்கு மேலே, பின்பக்கம், கெட்டியாக ஒன்று தட்டுப்பட்டது. எலுமிச்சம்பழ அளவு இருக்கும். அடுத்த காலிலும் அதே இடத்தில் அதே கட்டி.

"இது என்னம்மா?"

"அது தறிக் காய்ப்பு" என்றார் அம்மா சாதாரணமாக. "குழித்தறியில காலைத் தொங்கப்போட்டு உக்காருறோம்ல, குழி ஓரத்துல பின்னங்கால் உரசும். எங்க வீட்டுல எல்லாருக்கும் இருக்கும்."

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. குழித்தறியை நானும் பார்த்திருக்கிறேன். தரையில் வெட்டிய குழிக்குள் காலை விட்டு மிதியை மிதித்தபடி நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார்கள். உரசினால் காய்க்கத்தான் செய்யும். கொலுசை வெட்டி, துண்டுகளை அம்மாவின் கையில் கொடுத்து, பெண்ணை உள்ளே அனுப்பினேன்.

படம் திரையில் வர ஆரம்பித்தது. உங்களில் யாராவது வீட்டுக்காரரையோ வீட்டுக்காரியையோ கூட்டி வந்திருக்கலாம், அவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். மூளைக்குள் செய்தி ஓடும் நரம்பிழைகளுக்கு, மின்சார வயருக்கு மேலே இருக்கிற மாதிரி ஓர் உறை உண்டு. அந்த இழைகள் கூட்டமாக ஓடும் இடத்தைத்தான் வெண்பொருள் என்கிறோம். பரம்பரைத் தள்ளாட்டத்தில் நாங்கள் வழக்கமாகப் பார்த்தது சிறுமூளை சுருங்குவதைத்தான். இவளுக்கும் கொஞ்சம் சுருங்கியிருந்தது. ஆனால் சிறுமூளையின் நடுவில், இடமும் வலமும் கண்ணாடியில் பார்த்ததுபோல் ஒரே அளவில், வெண்பொருள் கெட்டுப்போய்ப் பளிச்சென்று தெரிந்தது.

எனக்கு அது உறுத்தியது. அந்த நேரம் பார்த்துத் தொலைபேசி அடித்தது. பெரிய டாக்டர்தான். மறுநாள் காலை வெளியூர் கிளம்புகிறார்.

"அந்த நெசவாளர் பொண்ணு ரிப்போர்ட் என்னம்மா ஆச்சு? எழுதி அனுப்பு. ஊனச் சான்றிதழுக்கு நான் இன்னைக்கே கையெழுத்துப் போடணும்."

"சார், வெண்பொருள்ல என்னமோ இருக்கு. சுருக்கம் மட்டும் இல்ல."

"அவ அண்ணனை நானே பாத்திருக்கேன். அதே குடும்பம், அதே வியாதி. நீ புதுசா என்னத்தக் கண்டுபிடிக்கப் போற?"

எழுதியிருந்தால் இரண்டே வரிதான். யாரும் கேள்வி கேட்டிருக்கமாட்டார்கள். அவர் சொன்ன பிறகு எழுதாமல் இருந்தால்தான் கேள்வி வரும். பேனாவைத் திறந்தேன். ஆனால் என் விரலில் இன்னும் அந்தக் கட்டி உறுத்திக்கொண்டிருந்தது. காய்ப்பு என்றால் தோல் தடித்திருக்க வேண்டும். இவளுடைய தோல் மெத்தென்று இருந்தது. கெட்டியாக இருந்தது தோலுக்கு அடியில்.

அப்போது ஒரு பழைய விஷயம் நினைவுக்கு வந்தது. மேல்படிப்புப் படிக்கும்போது நூலகத்தில் தடியான மூளைப் புத்தகம் ஒன்றைப் புரட்டினேன். அதில் ஒரு பக்கத்தில் மூளைப் படத்துக்குப் பக்கத்தில் யாரோ ஒருவருடைய குதிகாலின் புகைப்படம் இருந்தது. அச்சடிக்கிறவன் பக்கத்தை மாற்றிவிட்டான் போல என்று தோழியிடம் காட்டிச் சிரித்தேன். சிரித்ததால்தான் மறக்கவில்லை. அந்தப் பக்கத்தில் என்ன எழுதியிருந்தது என்பதை மட்டும் படிக்காமல் விட்டிருந்தேன். அதே புத்தகம் எங்கள் மைய அலமாரியிலும் இருந்தது, எடுத்து அந்தப் பக்கத்தைத் தேடிப் படித்தேன்.

வராந்தாவுக்கு ஓடினேன். அம்மா பெஞ்சில் உட்கார்ந்து கொலுசுத் துண்டுகளை முந்தானையில் முடிந்துகொண்டிருந்தார்.

"உங்க காலைக் காட்டுங்கம்மா."

"எங்காலையா? எதுக்கு டாக்டரம்மா?"

"எம்புட்டு வருசமாத் தறியில உக்காந்திருக்கீங்க?"

"கல்யாணத்துக்கு முந்தியிருந்தே. முப்பது வருசத்துக்கு மேல இருக்கும்."

"அப்பக் காட்டுங்க."

டாக்டர் முன்னால் காலை நீட்டுவதா என்று அவர் கூசினார். நானே குனிந்து சேலையை விலக்கிப் பார்த்தேன். பித்தவெடிப்பு இருந்தது, மருதாணிக் கறை இருந்தது. குதிகாலுக்கு மேலே தடவினேன். ஒன்றுமே இல்லை. வழவழவென்று இருந்தது.

"எல்லாருக்கும் இருக்கும்னு சொன்னீங்களே. உங்களுக்கு இல்லையே. இவ அப்பாவுக்கு?"

அவர் யோசித்தார். "அவருக்கும் இல்ல."

"பின்ன யாருக்குத்தான் இருந்துச்சு?"

"இவளுக்கு. இவ அண்ணனுக்கு." சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தார். தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே அப்போதுதான் கேட்டது.

கேள்விமேல் கேள்வியாகக் கேட்டேன். கண்? இரண்டு பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூட வயதிலேயே கண்புரை எடுத்தார்களாம். "தறிக்கூடத்துல வெளிச்சம் பத்தாது டாக்டரம்மா, அதான்." அப்படியானால் உங்கள் கண்? "எனக்கென்ன, இப்பவும் ஊசியில நூல் கோப்பேன்." வயிறு? இரண்டு பேருக்கும் சின்ன வயதிலிருந்தே பேதி. "எங்க வீட்டுல புளியோதரை அடிக்கடி செய்வோம், அதான்." நீங்களும் அதைத்தானே சாப்பிடுகிறீர்கள்? அவர் எழுந்து, மகள் இருந்த அறைக் கதவைப் பார்த்தார்.

பிள்ளைகளே, இந்த இடத்தை மட்டும் மறக்காதீர்கள். அந்த அம்மா பொய் சொல்லவில்லை. தொழில் செய்கிற வீட்டில் உடம்பில் எது வந்தாலும் பழி தொழில்மேல்தான் விழும். எங்கள் ஊரில் எந்த முதுகுவலிக்கும் ஏர்தான் காரணம். கண்ணுக்கும் காலுக்கும் தறியே பழி சுமந்தது, வயிற்றுக்குப் புளியோதரை. காரணம் ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் பொருத்தமாகவே இருந்தது. எல்லாருக்கும் இருக்கிறது என்று யாராவது சொன்னால், அந்த எல்லாரில் இன்னொருவரைக் கூப்பிட்டுப் பாருங்கள்.

மஞ்சுளாவை எழுப்பவிடவில்லை. அப்படியே காலையும் படமெடுக்கச் சொன்னேன். மூளைக்கு வந்தவளுக்கு எதற்குக் கால் என்று டெக்னீஷியன் என்னைப் பார்த்தார், வெளியே காத்திருந்தவர்கள் கத்தினார்கள். நான் திருப்பிக் கத்தினேன். கெண்டைக்காலைக் குதிகாலோடு கட்டும் தசைநாண், படத்தில் மெல்லிய கறுப்புக் கயிறாகத் தெரிய வேண்டும். இவளுக்கு அது உருண்டு வீங்கி, உள்ளே புள்ளி புள்ளியாக வெளுத்திருந்தது. புத்தகத்தில் இருந்தபடி, மூளையில் வெண்பொருளைக் கெடுத்த அதே கொழுப்பு இங்கேயும் படிந்திருக்கிறது. செரிப்ரோடெண்டினஸ் ஸாந்தோமடோசிஸ். பிறவியிலேயே ஒரு நொதி குறைவதால், பித்த அமிலம் சரியாக உண்டாகாமல் வருகிற பரம்பரைத் தள்ளாட்டம். ஆனால் மருந்து உள்ள தள்ளாட்டம்.

பெரிய டாக்டரைக் கூப்பிட்டேன். "சார், கையெழுத்துப் போடாதீங்க. நீங்க இங்க வரணும்."

"நீ படம் எடுக்குறவ. வா போன்னு எனக்கே சொல்றியா?"

"வந்து அவ குதிகாலைத் தொட்டுப் பாருங்க. நான் சொல்றது தப்புன்னா நாளையிலிருந்து வாயைத் திறக்கமாட்டேன்."

"அது நடக்காத காரியம்" என்று போனை வைத்தார். ஆனால் வந்தார். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வந்தார். படத்தைப் பார்த்தார். மஞ்சுளாவின் காலடியில் குனிந்து இரண்டு குதிகாலையும் மாறி மாறித் தொட்டார். பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டு அம்மாவுக்கு நேரே உட்கார்ந்தார். அவர் நோயாளி வீட்டாருக்கு எதிரே உட்கார்ந்து பேசி நான் பார்த்ததில்லை.

"அம்மா, உங்க மகன் காலை நான் பாக்கல. பாத்திருக்கணும்."

அம்மா வெகுநேரம் அழுதார். பிறகு சொன்னார். "அவன் வேட்டிய மடிச்சுக்கூடக் கட்டமாட்டான் சார், கூச்சம். நாங்களும் காட்டல. போனது போகட்டும். இவளை விட்டுறாதீங்க."

பெரிய டாக்டர் தன் பயணத்தை அங்கேயே ரத்து செய்தார். தசைநாணிலிருந்து துளி எடுத்துச் சோதித்தோம். ரத்தம் அவருடைய வெளிநாட்டு நண்பரின் ஆய்வகத்துக்குப் போனது. முடிவு வந்தபோது என் அறிக்கையில் நான் எழுதியதேதான் அதிலும் இருந்தது. மருந்து கிடைத்தால் அண்ணன் மாதிரி படுக்க வேண்டியதில்லை என்று மஞ்சுளாவிடம் சொல்லி, கொடுத்த வாக்கைக் காப்பாற்றினேன். அவர் என்னிடம் பாராட்டாக ஒன்றும் சொல்லவில்லை. அவர் மாணவர்களிடம் மட்டும், "இனிமே செருப்பையும் கொலுசையும் கழட்டிப் பாக்காம எவனும் தள்ளாட்டம்னு எழுதக் கூடாது" என்றாராம். அது எனக்குப் போதும். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

மருந்துதான் அடுத்த போராட்டம். ஒரு காலத்தில் பித்தப்பைக் கல்லைக் கரைக்கக் கொடுத்த மருந்து அது, இவள் உடம்பு உண்டாக்காத அதே பித்த அமிலம். கல்லை அறுவை செய்து எடுப்பது சுலபமானதும் அதைத் தேடுவாரே இல்லை. நெல்பேட்டைப் பக்கம் மருந்து மொத்த வியாபாரம் செய்த பாய் ஒருவரிடம் போனேன்.

"பித்தக்கல்லு மருந்தா? அதைக் கேட்டு இப்ப ஆளே வாரதில்லையேம்மா. யாருக்குக் கல்லு?"

"கல்லு இல்ல பாய். ஒரு பொண்ணு நடக்கணும்."

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். மருந்தின் பெயரை வாங்கி ஒருமுறை வாய்விட்டுப் படித்தார். "எம் மச்சான் வெளிநாட்டுல மருந்துக் கடையிலதான் இருக்கார். இன்ஷா அல்லா, கெடச்சிரும்" என்றார். கிடைத்தது. ஒரு தடவை அல்ல, தீரத் தீர வந்துகொண்டே இருந்தது.

முதல் நல்ல செய்தி டெலிபோன் பூத்திலிருந்து வந்தது. "டாக்டரம்மா, பேதி நின்னுருச்சு" என்றார் மஞ்சுளாவின் அம்மா. மருந்து வேலை செய்கிறது என்பதற்கு அதுதான் முதல் அடையாளம். எங்கள் மையத்தில் எல்லாருக்கும் டீயும் வடையும் சொன்னேன். என்ன விசேஷம் என்று கேட்டார்கள். ஒரு பெண்ணுக்குப் பேதி நின்றுவிட்டது என்றேன். எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தார்கள்.

நடை மெதுவாகத்தான் திரும்பியது. மாதக்கணக்கில் பயிற்சி. விழுவது குறைந்தது, பிறகு நின்றது. ஒருநாள் பல்கலைக்கழகத்தில் மறுபடி சேர்ந்துவிட்டதாகச் சொல்லியனுப்பினாள்.

ஒரு வருடத்துக்கு மேல் ஆனபிறகு, மூளை எப்படியிருக்கிறது என்று பார்க்கப் பெரிய டாக்டர் மறுபடி ஸ்கேனுக்கு அனுப்பினார். அவரும் வந்து என் அறையில் உட்கார்ந்திருந்தார். வராந்தாவில் கொலுசுச் சத்தம் கேட்டது. சல், சல், சல். நாங்கள் இரண்டு பேரும் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டோம். ஒரே சீராக வந்து வாசலில் நின்றது.

அன்றைய படத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த வெளுத்த திட்டு போய்விடவில்லை. அப்படியேதான் இருந்தது, ஆனால் ஒரு இம்மியும் வளரவில்லை. படத்தை மட்டும் பார்த்திருந்தால், மாற்றம் ஏதுமில்லை என்று எழுதியிருப்பேன். அதனால்தான் சொல்கிறேன், எப்போதாவது அந்தச் சோபாவை விட்டு எழுந்து வாசலுக்கு வாருங்கள்.

வாசலில் மஞ்சுளா நின்றாள். அம்மா பின்னால் தள்ளி வந்தார். நான் வெட்டிய அதே கொலுசுதான், ஆசாரியிடம் கொடுத்து ஒட்டிப் புதுத் திருகு போட்டிருந்தார்கள். வழக்கம்போல, கொலுசைக் கழற்றணும் என்றேன். உட்காரட்டும் என்று ஊழியர் ஒருவர் நாற்காலியை இழுத்தார். இன்னொருவர் தோளைப் பிடிக்கப் போனார்.

அவள் வேண்டாம் என்று கையைக் காட்டினாள். சுவர் பக்கத்தில்தான் இருந்தது, அதைத் தொடவில்லை. வலது காலைத் தூக்கி இடது முட்டிமேல் வைத்தாள். ஒற்றைக் காலில் நின்றாள். உடம்பு லேசாக ஆடியது. பெரிய டாக்டர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "யாரும் தொடாதீங்க" என்றேன் நான். ஆட்டம் நின்றது. விரலால் நிதானமாகத் திருகைச் சுற்றிக் கொலுசைக் கழற்றினாள். கால் மாற்றி, அடுத்ததையும் கழற்றினாள்.

இரண்டையும் என் உள்ளங்கையில் வைத்தாள்.

"இந்தாங்க டாக்டர். இந்தத் தடவ வெட்ட வேணாம்."